மாடிப்படிக்கு அடியில் ஒரு சலவை இடம்

மதுரையில் செல்லூர், ஆரப்பாளையம் பக்கத்து வரிசை வீடுகளில் சலவைக்கென்று தனி அறை கிடைப்பது அரிது. எங்களுக்குக் கிடைத்தது மாடிப்படிக்கு அடியில் நான்கடி அகலம், ஆறடி நீளம். அது போதும். ஆனால் ஒரு வேண்டுகோள்: அலமாரியும் கூடையும் வாங்க இன்றே கடைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் ஒரு வாரம், அழுக்குத் துணி வீட்டில் எங்கெல்லாம் சேர்கிறது, ஈரத் துணி எந்த வழியாக மாடிக்குப் போகிறது என்று கவனியுங்கள். அந்த வழியை ஒட்டித்தான் எல்லாவற்றையும் வைக்க வேண்டும்.

முதல் படி: அளவு

டேப்பால் அளக்கும்போது தரையை மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். மேலே திறக்கும் மெஷின் ஏறக்குறைய மூன்றடி உயரம். அதன் மூடி திறந்து நிற்க மேலும் ஒன்றரை அடி வேண்டும். படி சரிந்து இறங்கும் பக்கத்தில் மெஷினை வைத்தால் மூடி பாதியில் முட்டும். உயரமான பக்கம் மெஷினுக்கு, தாழ்ந்த பக்கம் கூடைக்கு. பின்சுவரிலிருந்து நான்கு விரல்கடை இடைவெளி விடுங்கள். வாசல்படியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தண்ணீர்

நம் ஊரில் சலவையின் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. அதிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து நுரையைக் கெடுத்து, துணியில் வெள்ளைப் படலமாகப் படிகின்றன. வெள்ளை வேட்டி மங்குவதற்கும் துண்டு விறைப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அதனால் மெஷினுக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு டிரம்முக்கு இடம் ஒதுக்குங்கள். குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்து, வெள்ளைத் துணிகளின் கடைசி அலசலை மட்டும் அதில் செய்யுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மாடித் தொட்டியிலிருந்து நேராக இணைப்பு கொடுப்பதாக இருந்தால், தொட்டி மெஷினைவிடப் பத்தடியாவது உயரத்தில் இருப்பது நல்லது. பல மெஷின்கள் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் அந்த உயரத்தில்தான் கிடைக்கும்.

கழிவு நீருக்கும் ஒரு கணக்கு உண்டு. செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் பொதுவாக இருக்காது. அது தானாக வடிய வேண்டும். ஆகவே தரைச் சாக்கடைத் துளையைவிட மெஷின் உயரமாக நிற்க வேண்டும், குழாய் தரையோடு கிடக்க வேண்டும். நாங்கள் செங்கல் அடுக்கி அரையடி மேடை கட்டினோம்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். எர்த் உள்ள மூன்று முள் பிளக், குழாயிலிருந்து தள்ளி, நெஞ்சு உயரத்தில். தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்; மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் துண்டிக்கும் கருவி அது.

மூன்றாம் படி: பிரிப்பது

காற்றுப் புகும் கூடைகள் மூன்று: வெள்ளை, நிறம், தனியாகத் துவைப்பவை. மூன்றாவது கூடையை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். புதுச் சுங்குடிச் சேலை ஒன்றை மற்றத் துணிகளோடு போட்டதில் அப்பாவின் கல்யாண வேட்டி முழுக்கச் சிவப்பேறியது. அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. சுங்குடி என்றால் முதல் சில சலவைகள் தனியாக, பச்சைத் தண்ணீரில், பிறகு நிழலில் உலர்த்தல்.

சோப்புத் தூள், சொட்டு நீலம், கிளிப் டப்பா ஆகியவற்றுக்குக் கண் உயரத்தில் ஒரே ஒரு பலகை போதும். பிளீச்சிங் பவுடரை மட்டும் குழந்தைகளுக்கு எட்டாமல், தனியே வையுங்கள்.

நான்காம் படி: காயப்போடுவது

சித்திரை வெயிலில் மாடிக் கொடியில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். நிறத்துணியை உள்பக்கம் வெளியே வரும்படி போடுங்கள், வெளுக்காது. ஆடிக் காற்றுக்கு ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப்.

சோதனை ஐப்பசியில் வருகிறது. அதற்காக நடையின் கூரையில், கயிற்றை இழுத்தால் ஏறி இறங்கும் கம்பிக் கொடி மாட்டுங்கள். துணிகளுக்கிடையே ஒரு சாண் விடுங்கள், கீழே மேசை மின்விசிறியை ஓடவிடுங்கள். நெருக்கிப் போட்ட ஈரத் துணியில் வீச்சம் வந்தால் மறுபடி துவைப்பதைத் தவிர வழியில்லை.

மாதம் ஒருமுறை, தண்ணீர் உள்ளே வரும் குழாயின் முனையில் இருக்கும் சிறு வலையைக் கழற்றிக் கழுவுங்கள். மணலும் சுண்ணாம்பும் அங்கேதான் அடைக்கும். மெஷினுக்குள் துணி சுழலும் தொட்டியில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) போட்டு, துணி இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். அன்றைக்கு பிளீச்சிங் பவுடரை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு எழும்.