டவர் காட்டுது, நெட் ஓட மாட்டேங்குது: சிக்னல் குறைவான இடத்தில் படிப்படியாக என்ன செய்வது?

"டவர் ரெண்டு கோடு இருக்கு, ஆனா வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ கூட போகாம சுத்திக்கிட்டே இருக்கு." வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் அடிக்கடி சொல்வது இது. சென்னையில் தரைத்தளத்து வீட்டில் இருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்டதும் பலர் புது போன் வாங்கச் சொல்வார்கள், இல்லையென்றால் சிம்மை மாற்றச் சொல்வார்கள். அதற்கெல்லாம் முன்னால் செலவே இல்லாமல் செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இன்றைய டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் 1.5 ஜிபி, 2 ஜிபி தரும் பல பிளான்களில் அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். நெட் நிற்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும். சிக்னல் பிரச்சினை என்று நினைத்து மொட்டை மாடிக்கு ஏறி இறங்குபவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

படி 1: கோடுகளை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டப்படி முடிவு செய்கிறது. அதனால் ஒரே இடத்தில் ஒரு போன் இரண்டு கோடும் இன்னொன்று நான்கு கோடும் காட்டலாம். நம்பக்கூடியது, சிக்னலின் பலத்தை அளந்து சொல்லும் டிபிஎம் என்ற எண்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் 'சிக்னல் ஸ்ட்ரென்த்' என்று இருக்கும். சில போன்களில் அது 'ஸ்டேட்டஸ்' என்ற பகுதிக்குள் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஒரு சோதனைத் திரை திறக்கும்; அதில் ஆர்எஸ்ஆர்பி என்ற வரியைப் பாருங்கள், சிக்னல் பலம் அங்கேதான் இருக்கும்.

எண் மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு அருகில் வர வர நல்லது. 4ஜியில் -90 அல்லது அதைவிட மேல் என்றால் கவலை இல்லை. -100 பக்கம் என்றால் சமாளிக்கலாம். -110ஐத் தாண்டினால் சிரமம். -120 என்றால் எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும். இந்தக் கணக்கில் 10 வித்தியாசம் என்பது பத்து மடங்கு. -90க்கும் -110க்கும் நடுவில் சிக்னல் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் ஐந்தாறு எண் கூடினால்கூட அது பெரிய லாபம்.

படி 2: வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

இதைத்தான் பொறுமையாகச் செய்யச் சொல்வேன். ஒவ்வொரு இடத்திலும் பதினைந்து நொடியாவது நின்று எண்ணைப் பாருங்கள், அது உடனே மாறாது. வால்பாறையில் என் அத்தை வீட்டுச் சமையலறையில் -118 காட்டியது. முன்பக்க ஜன்னல் திட்டில் வைத்ததும் -104. அதாவது, பத்தடி நகர்ந்ததில் சிக்னல் இருபது மடங்குக்கு மேல் கூடியது. அந்த வீட்டுக்குத் தகரக் கூரை, பின்பக்கம் மேடு. உலோகத் தகடு ரேடியோ அலையைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட்டும் கணிசமாகக் குறைக்கும். டவர் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஜன்னல்தான் பெரும்பாலும் நல்ல இடம். மலைப்பகுதியில் டவரே கண்ணுக்குத் தெரியும் இடம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

உலோகத் தகடு ஒட்டிய கவர் போட்டிருந்தால் கழற்றிவிட்டும் பாருங்கள். போனின் ஓரங்களில்தான் ஆன்டெனா இருக்கும் என்பதால் இறுக்கிப் பிடித்தாலே எண் குறையும்.

படி 3: நல்ல இடத்தில் போனை உட்கார வையுங்கள்

ஜன்னலில்தான் சிக்னல் என்றால் நாள் முழுக்க ஜன்னலில் நிற்க முடியாது. வீட்டில் பழைய 4ஜி போன் இருந்தால் சிம்மை அதில் போட்டு, அந்த இடத்தில் சார்ஜரோடு வைத்து, ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யுங்கள். கையில் இருக்கும் போனை வைஃபையில் இணைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் சுவரைத் தாண்டி உள்ளறை வரை வரும். வெயில் நேரடியாகப் படாத இடமாக இருக்கட்டும். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். செலவு செய்ய முடிந்தவர்கள் வெளி ஆன்டெனா பொருத்தும் வசதியுள்ள 4ஜி சிம் ரவுட்டர் வாங்கலாம்.

போன் அழைப்பு வேறு சிம்மில் வருகிறதென்றால் அதில் வைஃபை காலிங்கை (அழைப்பை வைஃபை வழியாக அனுப்பும் வசதி) ஆன் செய்துவிடுங்கள், பேச்சும் தெளிவாக இருக்கும்.

படி 4: 5ஜியைக் கொஞ்சம் அணைத்துப் பாருங்கள்

நம் நாட்டில் 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசையில் ஓடுகிறது. வேகம் அதிகம், ஆனால் தூரம் போகாது, சுவரைத் துளைக்கவும் திணறும். 4ஜியில் ஜியோவுக்கு 850, ஏர்டெலுக்கு 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் பல இடங்களில் இருக்கின்றன. அவை தூரத்துக்கும் வீட்டுக்குள்ளும் வரும். 5ஜி எட்டும் எல்லையின் விளிம்பில் இருக்கும் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும்போதுதான் நெட் விட்டு விட்டு வருகிறது.

செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க், உங்கள் சிம், 'ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப்' போய் 4ஜியைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'வாய்ஸ் அண்ட் டேட்டா' பகுதியில் எல்டிஇ, அதாவது 4ஜி. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அன்லிமிடெட் 5ஜி பிளான்காரர்களுக்கு 4ஜியில் ஓடுவது தினசரி டேட்டா கணக்கில் கழியும்.

படி 5: வருகிறது, ஆனால் போகவில்லையா?

வீடியோ ஓடுகிறது, ஆனால் போட்டோ அனுப்பினால் நிற்கிறது. எண்ணும் சுமாராகத்தான் இருக்கிறது. டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. உங்கள் போன் அதிகபட்சம் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. எதிர்முனையில் சத்தமாகப் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, உங்கள் முனகல் அங்கே எட்டவில்லை. கோடும் டிபிஎம்மும் காட்டுவது உங்களுக்குக் கேட்பதை மட்டும்தான். சிக்னல் குறைந்த இடத்தில் போன் சூடாவதும் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் அது முழுச் சக்தியில் கத்துவதால்தான். படி 2, 3 தவிர இதற்கு வேறு நல்ல மருந்து இல்லை.

படி 6: எண் நன்றாக இருந்தும் இழுக்கிறதா?

-85 காட்டுகிறது, ராத்திரி எட்டு மணிக்கு நெட் நகரவில்லை, விடியற்காலையில் பறக்கிறது. இது நெரிசல். டவரில் ஆள் அதிகம், அவ்வளவுதான். பெரிய டவுன்லோடுகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஜன்னலோ ஆன்டெனாவோ அவ்வளவாக உதவாது.

நகர்ந்து வேறு இடம் வந்த பிறகும் மெதுவாக இருந்தால் ஏரோபிளேன் மோடை ஆன் செய்து பத்து நொடி கழித்து அணையுங்கள். பழைய டவரையே பிடித்துக்கொண்டிருக்கும் போன் புதிதாகத் தேடும்.

படி 7: கிடைக்கும் நெட்டை வீணாக்காதீர்கள்

டேட்டா சேவரை ஆன் செய்யுங்கள். போட்டோ பேக்கப்பும் ஆப் அப்டேட்டும் வைஃபையில் மட்டும் என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்தி, அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்பதை ஆன் செய்யுங்கள். மலைக்குக் கிளம்பும் முன் கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை ஆஃப்லைனாக இறக்கி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, சிம் மாற்றுவது

ஆன்லைனில் 'சிக்னல் பூஸ்டர்' என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் அதை வீட்டில் மாட்டுவது இந்தியாவில் சட்டவிரோதம். சுற்றியிருக்கும் எல்லாருடைய சிக்னலையும் அது கெடுக்கும்.

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லையென்றால் வேறு கம்பெனிக்குப் போகலாம். அதற்கு முன் அந்த சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, உங்கள் வீட்டுக்குள் அவர் போனில் டிபிஎம் பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கும் ஒருமுறை பாருங்கள். திருப்தி என்றால் PORT என்று எழுதி, இடம் விட்டு உங்கள் நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலுக்கு வரும் குறியீட்டைப் புதுக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும்; தமிழ்நாட்டில் அது நான்கு நாள் வரை செல்லுபடியாகும். ஒருமுறை மாறிவிட்டால் 90 நாள் கழித்துத்தான் மறுபடி மாற முடியும், அதனால் அந்தப் பக்கத்து வீட்டுச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.