கல்யாண மண்டபத்துக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம்: மார்டின் சட்டத்தின் வழியில்

2017 மே 22ஆம் திகதி மான்செஸ்டர் அரீனாவில் குண்டு வெடித்து 22 பேர் பலியானார்கள். அவர்களில் ஒருவர் மார்டின் ஹெட். அவரின் தாய் ஃபிகன் மரே வருடக்கணக்காகப் போராடியதில், மக்கள் கூடும் இடங்களைப் பாதுகாக்கும், 'மார்டின் சட்டம்' எனப்படும் சட்டமொன்று 2025 ஏப்ரல் 3ஆம் திகதி பிரித்தானியாவில் ஒப்புதல் பெற்றது. இடத்தை நடத்துபவரே முன்கூட்டித் தயாராக இருக்க வேண்டும் என்கிறது அது. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலைப் பார்த்த கொழும்புக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மண்டபம் நடத்துகிறீர்களா? இன்றே தொடங்கலாம்.

படி 1: ஆட்களை எண்ணுங்கள்

அந்தச் சட்டத்தில் 200 முதல் 799 பேர் வரை கூடும் இடம் அடிப்படை நிலை. 800 பேரோ அதற்கு மேலோ என்றால் கமரா, சோதனை போன்ற கூடுதல் கடமைகள் வரும். வேலையாட்களும் கணக்கில் சேர்வார்கள். ஆகவே தாலி கட்டும் நேரத்துக் கூட்டத்தோடு சமையல்காரர், மேளக்காரர், வீடியோக்காரர் எல்லோரையும் சேர்த்து எண்ணுங்கள்.

படி 2: கதவுகளைத் திறந்து பாருங்கள்

பின்கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருக்கும். கதவில் பூட்டு, திறப்பு முகாமையாளரின் சட்டைப்பையில், அவர் வங்கிக்குப் போயிருப்பார். இப்படி இருந்தால் அது கதவே இல்லை, சுவர். கதிரைகளை எடுங்கள். நிகழ்ச்சி நடக்கும்போது உள்ளிருந்து யாரும் திறக்கக்கூடியதாகக் கதவு இருக்கட்டும்.

படி 3: நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்

ஆட்களை எப்படி வெளியேற்றுவது? ஆபத்து தெருவில் என்றால் எப்படி உள்ளே எடுப்பது? யார் கேற்றைப் பூட்டுவது? எப்படி அறிவிப்பது? அடிப்படை நிலைக்கு அந்தச் சட்டம் கேட்பது முக்கியமாக இவைதான்; விலையுயர்ந்த கருவிகள் வாங்கச் சொல்லவில்லை.

பலரும் கோட்டை விடுவது இரண்டாவது கேள்வியில். தீ என்றால் வெளியே ஓடுவது சரி. வெளியே தெருவில் ஆயுதத்தோடு ஒருவன் நிற்கும்போது முன்வாசலால் எல்லோரையும் அனுப்பினால் அவன் கையில் கொடுப்பதாகிவிடும். உட்புறமாகப் பூட்டக்கூடிய, கண்ணாடி இல்லாத அறை எது என்று இப்போதே தெரிவு செய்யுங்கள்.

அறிவிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மைக்கின் பக்கத்தில் ஒட்டுங்கள். நாதஸ்வரத்தையும் தவிலையும் நிறுத்துபவர் யார் என்பதையும் அதிலேயே குறியுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110.

படி 4: வாசலில் நிற்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள்

2019 தாக்குதலை, முன்கூட்டியே தகவல் கிடைத்தும் பொறுப்பில் இருந்தவர்கள் தடுக்கத் தவறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உங்கள் மண்டபத்திலும் தகவல் நடுவில் நின்றுவிடக் கூடாது. யாருமில்லாத பையைக் கண்டால் தொடாமல், உடனே யாரிடம் சொல்வது என்று காவலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உடையையும் பெயரையும் வைத்து எவரையும் சந்தேகிக்க விடாதீர்கள். அந்தச் சந்தேகம் எப்படி வலிக்கும் என்பது இந்த நகரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நன்றாகவே தெரியும். கவனிக்க வேண்டியது செய்கையை மட்டும்.

படி 5: ஒத்திகை பாருங்கள்

பந்தி பரிமாறுபவர்கள் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் விருந்தினர் வருவதற்கு முன், புதியவர்களைப் பின்கதவு வரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.