எண்ணாமல் எழுதிய 20

புதிதாக வார்டுக்கு வருகிற நர்ஸ்கள் எழுதும் சார்ட்டைப் புரட்டினால் அதே தவறுகள், என் பழைய சார்ட்டையே பார்ப்பது போல இருக்கிறது. கை கழுவுவது, மருந்து கொடுக்குமுன் பெயரைச் சரிபார்ப்பது எல்லாம் வகுப்பிலேயே மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். அவற்றை விடுகிறேன்.

மூச்சை எண்ணாமல் எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வார்டில் அத்தனை பேருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 20! பி.பி.யை மெஷின் சொல்லிவிடும், ஆக்சிஜனை விரலில் மாட்டும் கிளிப் சொல்லிவிடும். மூச்சை மட்டும் நாம்தான் நின்று எண்ண வேண்டும். அதனால் அந்தக் கட்டம் மட்டும் கற்பனையில் நிரம்புகிறது.

நானும் நிரப்பியிருக்கிறேன். குடல் ஆபரேஷன் முடிந்த ஒருவர், நைட் டூட்டி. பி.பி. 118/76, பல்ஸ் 104, காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் 95. மூச்சு 20 என்று போட்டேன். "சிஸ்டர், இவருக்கு மூச்சு வாங்குற மாதிரி இருக்கே" என்றார் மனைவி. கிளிப்பைக் காட்டி, "95 இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். விடிகாலையில் பி.பி. 84/50. ஓடி வந்த சீனியர் போர்வையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார்: 34. குடலில் போட்ட தையல் விட்டுக் கசிந்து, செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உடல் உறுப்புகளையே பாதிக்கும் நிலை. மறுபடி ஆபரேஷன், ஐ.சி.யூ. பிழைத்துக்கொண்டார். சீனியர் திட்டவில்லை. வரிசையாக நின்ற மூன்று 20களின் மேல் விரலை வைத்து, "இதையெல்லாம் யார் எண்ணினது?" என்று மட்டும் கேட்டார்.

தொற்று முற்றும்போது ரத்தத்தில் அமிலம் கூடும். அதை ஈடுகட்டத்தான் மூச்சு வேகமாகிறது. அந்த வேகத்தாலேயே ஆக்சிஜன் 95இல் நிற்கும். இதயமும் வேகமாக அடித்து பி.பி.யைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். பி.பி. விழும்போது நாம் ஏற்கெனவே தாமதம். இந்த எண்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு, நோயாளி மோசமாகிறாரா என்று பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது: 2017இல் வந்த நியூஸ் 2. அதில் கூட்டிப் பாருங்கள்: நான் எழுதிய 20க்கு மொத்தம் 2. மூச்சு 25 இருந்திருந்தாலே 5, அதாவது டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டிய அளவு. ஒரே ஒரு பொய் எண், அவ்வளவுதான்.

முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவதாகச் சொல்லாதீர்கள், தெரிந்தால் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்த்த கையை எடுக்காமல் கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோங்கள்.

"நல்லா தூங்குறார்"

வலிக்கு மார்ஃபின் போட்டவரா? தட்டி எழுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் கூடும். ஆக்சிஜன் வைத்திருந்தால் கிளிப்பில் எண் நெடுநேரம் அழகாகவே இருக்கும்; அதை நம்பி நகராதீர்கள்.

"பல்ஸ் 80தானே"

பல்ஸை ஏறவிடாமல் அடக்கிவைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

"டாக்டர், பேஷன்ட் சரியில்லை"

எண்ணைச் சொல்லுங்கள். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு.

வீட்டார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதது

"எப்பவும் போல இல்லை" என்றால் போய்ப் பாருங்கள், சொன்ன நேரத்தோடு எழுதுங்கள். அந்த அம்மா என்னிடம் சொன்னது நள்ளிரவுக்கு முன். அது என் சார்ட்டில் எங்கேயும் இல்லை.