மூட்டுவலி உள்ள நாய்க்கும் பூனைக்கும் மாத்திரை தவிர என்னென்ன செய்யலாம்?

நாய்க்கு மூட்டுவலி என்று தெரிந்ததும் பலரும் முதலில் கேட்பது, "என்ன எண்ணெய் தடவலாம்?" என்றுதான். நான் முதலில் தரையைப் பாருங்கள் என்பேன். எங்கள் மணிக்கு 12 வயது, இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. வழவழப்பான தரையில் சறுக்காமல் நிற்பதற்கே அவன் நான்கு கால்களையும் விறைத்துப் பிடித்துக்கொள்வான். நாள் முழுக்க அப்படி நின்றால் தசையும் வலிக்கும், மூட்டும் வலிக்கும். அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை, அடியில் ரப்பர் வைத்த விரிப்புகளை வரிசையாகப் போட்டோம். எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் விலகுவது அப்புறம்தான் நின்றது. விரிப்புகளுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள். கொஞ்சம் வெறும் தரை தெரிந்தாலும் பயந்த நாய் அங்கேயே நின்றுவிடும். நகத்தை அளவாக வெட்டி, பாதத்தின் அடியில் வளரும் முடியையும் கத்தரித்துவிட்டால் பிடிமானம் இன்னும் கூடும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் வலி எதனால் என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. வீட்டில் செய்பவை நன்றாகப் பலன் கொடுத்தால், அளவைக் குறைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

அடுத்தது எடை. பருமனான நாயின் எடையில் 6 முதல் 8 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைவது தெரியும். 30 கிலோ நாய்க்கு அது சுமார் 2 கிலோ. விலாவை விரலால் லேசாகத் தடவினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். உணவைக் கிண்ணத்தால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். வீட்டில் ஆளுக்கொரு கை கொடுக்கும் தின்பண்டங்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள். பூனையை மட்டும் பட்டினி போட்டுவிடாதீர்கள். குண்டான பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதன் எடை மெதுவாக, மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் இறங்க வேண்டும்.

நடையை நிறுத்த வேண்டாம், பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நீண்ட நடைக்குப் பதிலாக, 10 நிமிடம் போலச் சிறு நடைகள், தினமும் ஒரே அளவில். வாரம் முழுக்கப் படுக்கவிட்டு விடுமுறை நாளில் ஓட விடுவதுதான் மூட்டுக்கு மிகவும் கெடுதல். பந்து எறிந்து விளையாடுவதையும் விட்டுவிடுங்கள், அதில் திடீரென்று திரும்புவதும் நிற்பதும் அதிகம்.

ஒத்தடத்தில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். பழைய மூட்டு விறைப்புக்குச் சூடு; புதிதாக அடிபட்டு வீங்கியிருந்தால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் குளிர்ச்சி. எதுவானாலும் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் போதும். வெந்நீர்ப் பையை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களால் நிம்மதியாகப் பொறுக்க முடிந்தால்தான் நாய்க்கு. நடுவே துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள். விலக நினைத்தால் விட்டுவிடுங்கள், கட்டிப்பிடித்து வைக்கக் கூடாது. சீழ், கட்டி, சிவந்து கொதிக்கும் வீக்கம் இருந்தால் சூடு வேண்டவே வேண்டாம். மணிக்குக் காலையில் எழுந்ததும் இடுப்பில் ஒத்தடம், பிறகு முடி போகும் திசையிலேயே உள்ளங்கையால் தொடையை மெதுவாக நீவிவிடுவேன். மூட்டின் மேல் அழுத்த மாட்டேன், சுற்றியுள்ள தசையில் மட்டும். அப்போது அவன் பெருமூச்சு விட்டு முகவாயை என் முழங்காலில் வைப்பான். கால் துடித்தாலோ தலை திருப்பி என் கையைப் பார்த்தாலோ அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

பூனைக்கு வலி இருப்பதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. அது பெரும்பாலும் நொண்டாது, முனகாது. ஜன்னலுக்குத் தாவுவதை நிறுத்தும், முதுகை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சிக்கும், மண் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கும். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட முகபாவ அளவுகோல் ஒன்று இருக்கிறது. திடீர் வலிக்கானது அது. காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலை இருக்கும் நிலை என ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது. காது விலகிப் படிந்து, கண் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் வலி என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் செல்லிக்கு மண் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிட்டோம், ஜன்னலுக்கு ஏற இரண்டு பெட்டிகளைப் படிபோல வைத்தோம்.

வசதி இருந்தால் தண்ணீருக்குள் நடக்க வைக்கும் பயிற்சியைக் கேட்டுப் பாருங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கால்கள் தாங்கும் எடை பாதிக்கும் கீழே போய்விடும். வலியில்லாமல் தசை வலுப்படும். அக்குபங்சர், லேசர் இரண்டும் அதற்கு அப்புறம்தான் என்பது என் கருத்து.

மனிதர்களுக்கான வலித் தைலத்தைத் தடவாதீர்கள், நக்கினால் விஷம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

மாதம் ஒருமுறை நடையைப் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போனால் பதற்றத்தில் நொண்டாத நாய்கள் உண்டு. திடீரென்று பின்னங்கால்களை இழுத்தால், வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டினால், ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால், ஒத்தடம் எதுவும் கொடுத்துக்கொண்டிருக்காமல் அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.