பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு கல்யாண தீர்த்தம் போவது எப்படி

திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசத்துக்கு வருகிறவர்களில் பலர் அகஸ்தியர் அருவியில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அருவிக்கு மேலே படி ஏறினால், தாமிரபரணி இரண்டு பாறைச்சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி, கறுத்து, ஆழமாகக் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் கல்யாண தீர்த்தம். அகத்தியருக்குச் சிவன் திருமணக் கோலம் காட்டிய இடம் என்பதால் அந்தப் பெயர். ஏற்றம் பெரியதல்ல. கவனமெல்லாம் தண்ணீரில்தான் வேண்டும்.

கிளம்பும் முன் செய்தித்தாளில் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். மேலே காரையாரில் இருக்கும் பாபநாசம் அணையின் உயரம் 143 அடி. நீர்மட்டம் அதை நெருங்கி, மலையில் மழையும் இருந்தால், உபரிநீர் எப்போது வேண்டுமானாலும் வரும். அன்றைக்குப் போகாதீர்கள். அணையில் இடம் இருந்தாலும், மின் உற்பத்திக்காகவோ பாசனத்துக்காகவோ தண்ணீர் விடுவதைப் பொறுத்து ஆற்றில் நீர் கூடும், குறையும். வானம் வெளுத்துத்தானே இருக்கிறது என்று தைரியப்படக் கூடாது. கீழே அம்பாசமுத்திரத்தில் வெயில் அடிக்கும்போது மேலே பொதிகை மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தை இந்த ஆற்றங்கரையில் யாரும் மறக்கவில்லை. பெரியவர்களோடு போக நல்ல காலம் தை, மாசி. ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் படி ஈரமாகவே கிடக்கும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் சாலையே நிரம்பிவிடும்.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் இருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் அம்பாசமுத்திரத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். பாபநாசநாதர் கோயில் வாசலில் இருந்து அருவிக்கு மலைச்சாலை. அதைப் பெரியவர்களை நடக்க விடாதீர்கள், ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். இருக்கிற கால்பலத்தைப் படிக்கு மிச்சம் வைக்க வேண்டும்.

வழியில் வனத்துறை சோதனைச்சாவடி. இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988 முதல். பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில், புளியோதரையோ எலுமிச்சை சாதமோ வாழையிலையில் கட்டி, ஜிப் வைத்த முதுகுப்பையில். கையில் கேரிபேக் தொங்கினால் குரங்கு அதைத்தான் குறிவைக்கும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள்; இழுத்தால் கடிக்கும். நுழைவு நேரமும் கட்டணமும் மாறுவதுண்டு. அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: “அண்ணாச்சி, இன்னைக்குத் தண்ணி எப்படி, மேல ஏறலாமா?” வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம். அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் நல்ல நாள்தான்.

படியைக் காலையிலேயே ஏறி முடியுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பிக்கும். குளித்துவிட்டு ஏறுவதை விட, ஏறி இறங்கிவிட்டுக் குளிப்பது மேல். நனைந்த காலோடு ஏறும்போதுதான் வழுக்குகிறது. அடிப்பக்கம் தேய்ந்த ரப்பர் செருப்பு கூடவே கூடாது. பின்வார் உள்ள செருப்போ கான்வாஸ் ஷூவோ போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கிற காலை. கூட வருகிறவர், ஏறுகையில் அவருக்கு ஒரு படி கீழே பின்னாலும், இறங்குகையில் ஒரு படி கீழே முன்னாலும் இருக்க வேண்டும். மூச்சு வாங்கினால் உட்கார்ந்து போகலாம், அவசரம் ஒன்றும் இல்லை. நிதானமாக ஏற அரை மணி ஒதுக்குங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் படியே ஆகாதவர்களுக்கும் இந்த ஏற்றம் சரிப்படாது. அவர்கள் கோயில் படித்துறைக்கு மேலே இருந்து ஆற்றைப் பார்க்கலாம், பொரி வாங்கி மீனுக்குப் போடலாம்.

மேலே போனதும் உங்கள் கண் தண்ணீரில் ஏமாறும். கீழே அருவி அத்தனை சத்தம் போட, இங்கே நீர் அசையாத மாதிரி கிடக்கும். ஒரு சருகு விழுந்தால் அதைக் கவனியுங்கள்: கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் சுற்றும், பிறகு சட்டென்று இழுபட்டுப் பாறை இடுக்குப் பக்கம் போய்விடும். அடியில் இருக்கும் இழுப்பு அதுதான். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர், 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து, தாமும் மாண்டார். இங்கே குளிக்கவோ, கால் நனைக்கவோ, செல்ஃபிக்காக விளிம்புக்குப் போகவோ கூடாது. பாறையில் பச்சையாகத் தெரியும் பாசியை எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். ஆளை விழவைப்பது காய்ந்து கறுத்த பாசி. அது ஒரு துளி ஈரம் பட்டாலே எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

நீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறினாலோ, சுள்ளியும் இலையுமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே கரையேறி இறங்குங்கள். செல்போன் சிக்னலை நம்பிப் பிரிந்து போகவும் வேண்டாம்.

மேற்கே மலை நிற்பதால் இங்கே பொழுது சீக்கிரம் சாயும். மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். கீழே படித்துறையில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொல்வார்கள். விடாதீர்கள். அந்தத் துணி மட்காமல் அடியில் படிந்து, குளிக்கிறவர் காலைச் சுற்றுகிறது, மீனையும் கொல்கிறது. ஈரத்துணியைப் பிழிந்து பைக்குள் போட்டு வீட்டுக்கே கொண்டுபோங்கள். அதற்காகவே வரும்போது ஒரு துணிப்பை கூடுதலாக எடுத்து வாருங்கள்.