யீவூ சந்தைக்குப் புதிதா? கடைக்காரரின் சொலவடையைக் கவனியுங்கள்

சீனாவின் யீவூவில் சரக்கு எடுக்க வந்து தங்குபவர்களுக்கு விலை பெரிய சிக்கலில்லை. கால்குலேட்டரில் தட்டிக் காட்டிவிடுவார்கள். பேரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் புரியாது. அதைக் கடைக்காரர் வாயில் வரும் சில சொலவடைகள் சொல்லிவிடும்.

முதலில் ஒரு பள்ளம். வாங்குவதும் ‘மாய்’, விற்பதும் ‘மாய்’. வாங்குவதற்குக் குரல் தாழ்ந்து எழ வேண்டும். விற்பதற்கு உச்சியிலிருந்து சட்டென்று விழ வேண்டும். தமிழில் எழுதி வைத்துப் படித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆகவே காதால் கேட்டே பழகுங்கள். இன்னொன்று: பொருளுக்கு ‘தொங்ஷி’ என்று பெயர். ஆளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் வசவு.

விலையைக் குறைக்கச் சொன்னதும் காதில் விழுவது ‘யீ ஃபென் ச்சியென், யீ ஃபென் ஹுவோ’. ஒரு ஃபென் (யுவானில் நூறில் ஒரு பங்கு) காசுக்கு ஒரு ஃபென் சரக்கு; நம்மூர்க் காசுக்கேத்த தோசைதான். இதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு மேலும் அழுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அழுத்தினால் விலை இறங்கத்தான் செய்யும், கூடவே தோசையும் சிறுத்துவிடும். சதுர மீட்டருக்கு 180 கிராம் துணி 150 ஆகும், ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி மூன்றடுக்காகும். கப்பலில் பெட்டி நசுங்கிய பிறகு கேட்டால், “அந்த விலைக்கு அதுதானே” என்பார்; அவர் கணக்கில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆகவே துணியின் கனம், பெட்டியின் அடுக்கு, ஒரு பெட்டியில் எத்தனை உருப்படி என்பதை ஆர்டர் சீட்டில் எழுத வைத்த பிறகே விலையைத் தொடுங்கள். ‘ஹான் ஷுவெய் மா?’ (வரி சேர்ந்ததா?) என்றும் கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

‘போ லீ துவோ ஷியாவ்’ என்றால் லாபம் கொஞ்சம், விற்பனை அதிகம். கோழி இறகுக்கு வெல்லம் மாற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த வியாபாரிகளின் ஊர் யீவூ. 1982இல்தான் முறையான சந்தை திறந்தது. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. இதைச் சொன்னால் அவர் எதிர்பார்ப்பது எண்ணிக்கை. அடுத்த விலை எத்தனை பெட்டியிலிருந்து என்று கேளுங்கள்.

தள்ளுபடியில் கவனம். ‘பா ஜெ’ (எட்டு ஜெ) என்றால் 80 சதவீதம் தள்ளுபடி என்று குதித்துவிடாதீர்கள். விலையில் 80 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும், குறைவது 20தான்.

நிறம் மாதிரியைப் போலவே வருமா என்று கேட்டு ‘ச்சா பு துவோ’ (ஏறக்குறைய) என்ற பதில் வந்தால், வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒவ்வாத சரக்குக்கு ‘ஹுவோ பூ துவெய் பான்’ என்றே ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவு சகஜம். இரண்டு மாதிரிகளை உறையிலிட்டு ஒட்டி, ஒட்டின் மேல் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம்தான் பெரிய பொறி. ‘திங்ஜின்’ என்ற ஒரே உச்சரிப்பில் இரண்டு சொற்கள் உண்டு. முதல் எழுத்தின் தலையில் கூரை போன்ற கோடு இருந்தால் (定金) அது சட்டப்படியான பிணைப்பணம்: நீங்கள் பின்வாங்கினால் பணம் போச்சு, அவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். இடப்பக்கம் பேச்சைக் குறிக்கும் இரண்டு கோடுகள் இருந்தால் (订金) அது வெறும் முன்பணம், இரட்டிப்பு கிடையாது. 2021இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத்தொகுப்பு பிணைப்பணத்துக்கு ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதம்தான் உச்சவரம்பு என்கிறது. 10,000 யுவான் ஆர்டருக்கு வழக்கம்போல் 30 சதவீதம், அதாவது 3,000 கட்டினால், அதில் 2,000க்குத்தான் அந்தப் பலம். கடைக்காரர் கைவிட்டால் வர வேண்டியது 4,000மும் மீதி 1,000மும். ரசீதைக் கையில் வாங்கியதும் கூரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று கடை பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். ‘ஹுவோ பீ சான் ஜியா’ (சரக்கை மூன்று கடையில் ஒப்பிடு) என்று அவர்களே சொல்வார்கள், ஒரே வகைச் சரக்கு ஒரே தளத்தில்தான் இருக்கும். வாங்காமல் கிளம்பும்போது ‘மாய்மாய் பூ ச்செங், ரென்யீ ஸாய்’ என்று சொல்லிப் பாருங்கள்: வியாபாரம் முடியாவிட்டாலும் நல்லுறவு இருக்கிறது. சொல்லிவிட்டு விசாட் (WeChat) செயலியில் அவரைச் சேர்த்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். சில சமயம் பக்கத்துக் கடையை எட்டுவதற்குள் புது விலை செய்தியாக வந்துவிடும்.