ஏர் லாக்கும் ஸ்டீயரிங் ஆட்டமும்

பழைய டீசல் லாரியில் டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு எவ்வளவு செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரியைக் காலி பண்ணாதீர்கள், டீசல் லைனில் ஏர் புகுந்திருக்கும்; இதுதான் ஏர் லாக். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, டீசலை ஏற்றும் கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி நின்று டீசல் சுத்தமாக வழிந்ததும், அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். மறுபடி மறுபடி ஏர் பிடித்தால் டேங்கிலிருந்து வரும் லைனைப் பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலேயே காற்றை உள்ளே இழுக்கும். லைன் இணைப்பில் பழைய செம்பு வாஷரையே திரும்ப மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

அப்புறம் ஸ்டீயரிங் ஆட்டம், அதாவது சக்கரம் திரும்பாமலேயே ஸ்டீயரிங் மட்டும் கொஞ்சம் சுற்றுவது. உடனே ஸ்டீயரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை முறுக்க வேண்டாம். ஒருவரை ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லி, முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை மூட்டான டை ராடு எண்டில் கை வையுங்கள். தேய்ந்திருந்தால் 'டக் டக்' என்று கையிலேயே தெரியும்.